கோமளத்துக்கு என்ன வேண்டும்

1

போன வாரம் இங்குள்ள வருமான வரி ஆபீஸில் எங்களை எதிரே உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார்கள். வயதான தாய் தகப்பனைக் காப்பாற்றுகிறவர்களுக்கு இந்த நாட்டில் வரியில் கொஞ்சம் சலுகை உண்டாம். தொழிற்சாலையில் யாரோ என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறோமே, அதைச் சொன்னால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. சர்க்கார் தானாக வந்து ஒன்றைக் கொடுக்கிறது என்றால் பின்னால் இரண்டாகப் பிடுங்கப்போகிறது என்றுதான் நான் நினைப்பேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்கு இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என் அம்மாவின் பெயரைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துத் தோற்றுப்போய், கடைசியில் "அந்த அம்மாள்" என்று வைத்துக்கொண்டான். பிறகு, "அந்த அம்மாள் உங்களை நம்பித்தான் இருக்கிறாரா?" என்று கேட்டான். என் கணவர் கண்ணிமைக்காமல் "ஆமாம்" என்றார். அவன் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். பெற்ற பெண் அல்லவா சொல்ல வேண்டும். நான், "எனக்குத் தெரியாது" என்றேன். மேஜைக்குக் கீழே என் காலை ஒரு ஷூ மிதித்தது.

என் கணவர் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் ஆரம்பித்தார்.

"ஆமான்னு ஒரு வார்த்தை. அது வாயில வரலையா உனக்கு?"

"பொய் சொல்லச் சொல்றேளா?"

"பணம் அனுப்பறது பொய்யா?"

"பணம் அனுப்பறது நிஜம். மத்தது எனக்குத் தெரியாது."

அவர் நல்லவர். ஆனால் உலகத்தில் எதற்கும் ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம் இருக்கிறது, ஒன்றில் டிக் அடித்தால் போதும் என்று நினைக்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் தனியாக ஸ்ரீரங்கம் போய்விட்டு வந்தபோது, "அம்மா சௌக்கியமா இருக்கா" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அங்கே நடந்ததைச் சொல்லவில்லை. வீட்டில் சொல்லாததை முன்பின் தெரியாத உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், முன்பின் தெரியாதவர்கள் அதை வைத்து என்னை ஒன்றும் செய்ய முடியாது.

2

நாங்கள் இந்த வெள்ளைக்காரன் ஊருக்கு வந்தது ஐம்பதுகளின் கடைசியில். ஒரே மாதிரி செங்கல் வீடுகள், ஒரே மாதிரி கதவுகள். எங்கள் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் தெருவே நடக்க ஆரம்பிக்கும். வந்த புதிதில் பக்கத்து வீட்டு மிஸஸ் ஹாப்சன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஆர் யூ ஆல் ரைட்?" என்று கேட்பாள். எனக்குத் தூக்கிவாரிப்போடும். எனக்கு உடம்பு சரியில்லை என்று இவளிடம் யார் சொன்னது? இவரா? முகத்தில் ஏதாவது தெரிகிறதா? நான் நின்று, ஜலதோஷம் போய்விட்டது, வயிறும் சரியாகிவிட்டது, நன்றி என்று விவரமாகச் சொல்வேன். அவள் விழிப்பாள். அது இவர்கள் ஊரில் கும்பிடு போடுவது மாதிரி என்று தெரிய எனக்கு ஆறேழு மாதம் பிடித்தது. தெரிந்த பிறகும் சந்தேகம் போகவில்லை. பதில் வேண்டாதவர்கள் எதற்குக் கேட்க வேண்டும்?

ஒரு குளிர்காலத்தில் வீட்டில் அவர், நான், குழந்தை மூன்று பேரும் காய்ச்சலில் விழுந்தோம். மிஸஸ் ஹாப்சன் ஒரு பீங்கான் பாத்திரத்தில் சூப் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு முகர்ந்து பார்த்தேன். என்னவோ ஒரு வாசனை. சைவம்தான் என்று அவள் சொன்னாள், சொன்னால் ஆயிற்றா? சாக்கடையில் ஊற்றி, பாத்திரத்தை வெந்நீர் விட்டுக் கழுவி மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டு, "வீ கேன் மேனேஜ்" என்றேன். நான் தப்பில்லாமல் பேசக் கற்றுக்கொண்ட முதல் இங்கிலீஷ் வாக்கியம் அதுதான். கடையில், ஆஸ்பத்திரியில், பஸ் படிக்கட்டில் யார் கை நீட்டினாலும் அதைச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு சூப் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

எங்கள் பெண் வசந்தி இந்த மண்ணில் வளர்ந்தவள். ஸ்கூலில் அவள் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, உங்கள் குழந்தை யாரிடமும் எதுவும் கேட்பதே இல்லை, எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிறாள் என்று புகழ்ந்தாள். இவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எனக்கும்தான். அன்று சாயங்காலம் தலை பின்னிவிட எண்ணெய்க் கிண்ணத்தோடு போனேன். கண்ணாடியை விட்டுத் திரும்பாமலே, "ஐ கேன் மேனேஜ், அம்மா" என்றாள். என் வாக்கியம், என் குரல், என் அலட்சியம். எண்ணெயைப் புட்டியில் திருப்பி ஊற்றினேன்.

3

இந்தக் குணம் எனக்குத் தாய்வழி வந்த சொத்து. கீழச் சித்திரை வீதியில் எங்கள் அம்மாவைப்போல ஒரு சந்தேகப் பிராணி கிடையாது என்று தெருவே ஒப்புக்கொள்ளும். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். இரண்டு கட்டு வீடு. முன்கட்டில் நாங்கள் இருவர், பின்கட்டில் குடித்தனம். குடித்தனக்காரர்கள் யாரும் நிலைத்ததில்லை. ஒருத்தர் கிணற்றில் அதிகமாக இறைக்கிறார், இன்னொருத்தர் வீட்டுக்கு விருந்தாளி அதிகமாக வருகிறார்கள், வேறொருத்தர் அதிகமாகச் சிரிக்கிறார். கடைசி ஆளைக் காலி செய்யச் சொன்னதற்கு அதுதான் காரணம்.

கோனார் மாட்டை வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வந்து கண்ணெதிரே பால் கறப்பார். அந்தக் காலத்தில் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான். அம்மாவுக்கு அதுவும் போதாது. செம்புக்குள் முன்னாலேயே தண்ணீர் இருந்தால்?

"செம்பைக் கவுத்துக் காட்டுங்கோ, கோனாரே."

"நேத்துக் காட்டினேனே மாமி. தினம் தினமா?"

"நேத்துப் பால் நேத்தோட போச்சு. இன்னிக்குச் செம்பைக் காட்டுங்கோ."

மண்ணச்சநல்லூர் அரிசி மூட்டை வந்து இறங்கினால் மேலாக இருப்பதைத் தொடமாட்டாள். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு அடியில் இருக்கும் அரிசியை எடுத்துக் கடித்துப் பார்ப்பாள். மேலே சம்பா, கீழே குருணை என்று ஒரு தடவை ஏமாந்தாளாம். அது எப்போது என்று எனக்குத் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்னாலாக இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், சாயங்காலமானால் கோவில் மண்டபத்தில் உபன்யாசம் கேட்கப் போவாள். பாரதந்திரியம், பாரதந்திரியம் என்று அங்கே ஒரு சுவாமி உருகுவார். ஜீவனுக்குத் தன் கையில் ஒன்றும் கிடையாது, பிறர் கையில், அதாவது பெருமாள் கையில், தன்னை ஒப்படைத்துவிட்டுச் சும்மா கிடப்பதுதான் கதி என்பார். தெரு மாமிகள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அம்மாவும்தான். துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பாள். நான் கேலி செய்வேன்.

"பெருமாள் பார்த்துப்பார்னு இப்பத்தானே கேட்டுட்டு வந்தே?"

"பெருமாளை நம்பலாம்டி. மனுஷாளைத்தான் பரீட்சை பண்ணிண்டே இருக்கணும்."

என்னையும் அப்படித்தான் வளர்த்தாள். யாரிடமும் கை நீட்டாதே. யார் கொடுத்தாலும் ஏன் கொடுக்கிறாள் என்று கேட்டுக்கொள். பக்கத்து வீட்டில் பேனாவுக்கு மை கேட்டதற்காக நான் ஒரு நாள் முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறேன். கல்யாணமாகி நான் கப்பல் ஏறியபோது அம்மா அழவில்லை. "யாரையும் நம்பி நிக்காம இருப்பே. எனக்குத் தெரியும்" என்றாள். அதை ஆசீர்வாதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

4

நான் இங்கே வந்த சில வருஷத்தில் அம்மாவுக்குக் கண் போயிற்று. புரை. ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள், சரியாக வரவில்லை. இன்னொரு கண்ணை யாரையும் தொடவிடமாட்டேன் என்றுவிட்டாள். அதுவும் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. இங்கே வந்துவிடு என்று எழுதினேன். பெண் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம். அதிலும் சமுத்திரம் தாண்டி, வெள்ளைக்காரன் ஊரில், குளிரில். முடியாது என்று பதில் வந்தது.

பதில் வேறு கையெழுத்தில் இருந்தது. பின்கட்டுக்கு அப்போது புதிதாகக் குடிவந்தவள் கோமளம். என்னைவிடச் சின்னவள், குழந்தை இல்லை. புருஷன் சௌரி, திருவெறும்பூர் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பெரிய தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அம்மா சொல்லச் சொல்ல இனிமேல் கோமளம் எழுதுவாள் என்று கடிதம் சொன்னது. கோமளம் தளிகை பண்ணிப் போடுகிறாள். கோமளம் காவேரிக்கு அழைத்துப் போகிறாள். கோமளம் என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அத்தனையும் கோமளத்தின் கையெழுத்தில். தனக்குத் தானே நற்சாட்சிப் பத்திரம் எழுதிக்கொள்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் எங்கள் எதிர் வீட்டு ரங்கநாயகி மாமியின் மருமான் இந்த ஊர் வழியாகப் போகும்போது எங்களைப் பார்க்க வந்தான். காப்பி குடித்துக்கொண்டே சொன்னான்: "உங்காத்துப் பின்கட்டுல இருக்காளே, அவாளுக்குக் கைலாசபுரத்துல கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைச்சுது. புது வீடு. வேண்டாம்னு சொல்லிட்டாளாம்."

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிணற்றில் இறைத்துக்கொண்டு, இருட்டுக் கட்டில் இருந்துகொண்டு, உறவில்லாத ஒரு குருட்டுக் கிழவியை ஒருத்தி எதற்காகச் சுமக்க வேண்டும்? புருஷன் விடிவதற்குள் எழுந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போக வேண்டும். சும்மா யார் செய்வார்கள்? வீட்டின் மேல் கண். வேறு என்ன. கோமளத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, சம்பளத்துக்கு ஒரு அம்மாளை அமர்த்திவிட்டு வருவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் அந்த வருஷம் கப்பல் ஏறினேன். கையில் ஒரு மாதம் இருந்தது.

5

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா நார்மடிப் புடவையில் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டதும் முகத்தைத் திருப்பினாள், நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது அம்மாவுக்கு விக்கல் எடுத்தது. ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அம்மா அதை வாங்கவில்லை.

"கோமளம், தீர்த்தம் கொண்டா."

பின்கட்டிலிருந்து ஒரு ஒல்லியான பெண் வந்தாள். என்னைப் பார்த்து, "வாங்கோக்கா" என்றாள். வேறு சொம்பில் தண்ணீர் மொண்டு அம்மா கையில் வைத்தாள். அம்மா குடித்தாள். நான் என் சொம்போடு நின்றேன். சமுத்திரம் தாண்டியவள் கையால் வாங்கிக் குடிக்காதவர்கள் அந்தத் தெருவில் அப்போதும் இரண்டொருவர் இருந்தார்கள். என் அம்மா அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன்.

"ஊர் வழக்கம். மனசுல வெச்சுக்காதேங்கோ" என்றாள் கோமளம். அவள் ஆறுதல் சொன்னது அதைவிட எரிந்தது.

அன்று முதல் கண்காணிக்க ஆரம்பித்தேன். அவள் அரிசி களையும்போது பக்கத்தில் போய் நின்றேன். சாத்தமுதை ருசி பார்த்தேன். அம்மாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. விடியற்காலையில் காவேரியின் அம்மா மண்டபப் படித்துறைக்கு அம்மாவும் கோமளமும் போகும்போது பின்னாலேயே போனேன். அம்மாவின் கை கோமளத்தின் தோளில். படி இறங்க இறங்க அம்மா அவளைத் திட்டிக்கொண்டே இறங்கினாள். மெதுவாப் போடி, என்ன அவசரம், பாசி இருக்கான்னு பாரு. "பார்த்துண்டுதான் போறேன் மாமி, வாயை மூடிண்டு காலை வையுங்கோ" என்று இவளும் விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று அம்மா முழுகினாள். ஆற்றில் இழுப்பு இருந்தது. அம்மாவின் புடவைத் தலைப்பைக் கோமளம் தன் மணிக்கட்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தலைப்பை அவள் விட்டால் போதும், வீடு கைக்கு வந்துவிடும். அப்படித்தான் நினைத்தேன். மறைக்கவில்லை.

எதிர் வீட்டு ரங்கநாயகி மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நான் சொன்னேன்னு சொல்லாதே. இத்தனை சிசுருஷை யாரும் சும்மா பண்ணமாட்டா. உன் அம்மா ஏமாளி ஆயிட்டா." என் அம்மாவை ஏமாளி என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் புடவை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைலாசபுரத்துக்கு பஸ் ஏறினேன். அந்தக் குவார்ட்டர்ஸை என் கண்ணால் பார்க்க வேண்டும். வரிசையாகப் புது வீடுகள், வெள்ளையடித்த சுவர், அகலமான ரோடு. ஒரு அம்மாள் குழாயைத் திறந்துவிட்டுச் சாவகாசமாகத் துணி அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வழிந்து ஓடியது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வீடு சௌகரியமா இருக்கா?" என்று கேட்டேன். "சொர்க்கங்க. எங்க ஊரு மருங்காபுரி. அங்க ஒரு குடம் தண்ணிக்கு நடையா நடக்கணும். இங்க வந்தவங்க யாரும் திரும்பிப் போகமாட்டாங்க" என்றாள். எனக்கு அது போதும். அன்றே கேட்டுவிடுவது என்று திரும்பினேன்.

6

கோமளம் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"கோமளம், உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு என்னக்கா வேணும்?"

"குவார்ட்டர்ஸை விட்டுட்டு இங்க எதுக்கு இருக்கே? எங்கம்மா உனக்கு என்ன உறவு?"

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பயந்ததாகத் தெரியவில்லை. "குவார்ட்டர்ஸ் வேலை இருக்கற வரைக்கும்தான்க்கா. ரிட்டயர் ஆனா மறுநாள் சாவியைக் குடுக்கணும். எங்க ரெண்டு பேருக்கும் பின்னாடி பார்க்க யாரும் கிடையாது. கோபுரம் தெரியற இடத்துல சொந்தமா ஒரு கூரை இருந்தா நல்லதுன்னு நினைக்கறது தப்பா?" என்றாள். பிறகு, "மாமி உங்ககிட்ட சொல்லலையா? மாமியையே கேளுங்கோ" என்று குனிந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கூடத்துக்கு வந்தேன். அம்மா முறத்தில் பருப்பை வைத்துக்கொண்டு விரலால் கல் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவ வீட்டுக்காகத்தான் இருக்கா."

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"நான்தானே அவகிட்ட சொன்னேன். என் காலத்துக்கு அப்புறம் வீடு உனக்குத்தான்னு."

"எழுதிக் குடுத்துட்டியா?"

"நான் என்ன பைத்தியமா?" அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எழுதிக் குடுத்தா மறுநாளே கைலாசபுரம் போயிடுவா. படித்துறையில என் தலைப்பைச் சுத்திப் பிடிச்சுக்கறாளே, பார்த்தியோ? நீ பின்னாடி வந்தது எனக்குத் தெரியும். உன் செருப்புச் சத்தம் இந்த ஊர்ச் சத்தம் இல்லை. அந்தப் பிடி வீட்டைப் பிடிச்சிருக்கற பிடி. விடமாட்டா."

"அவ நல்லவளாம்மா?"

"அந்த ஆராய்ச்சியெல்லாம் கண்ணு தெரிஞ்சவா பண்ணட்டும். நாளைக்குக் காலம்பற நான் காவேரிக்குப் போகணும். அவ்வளவுதான் எனக்கு."

"அப்போ என் கையால ஏன் தண்ணி வாங்கலை? சமுத்திரம் தாண்டிட்டேன்னா?"

"சமுத்திரமாவது ஒண்ணாவது. உன் கையால ஒரு மாசம் குடிச்சுட்டு, நீ போனப்புறம் அவ கையால குடிக்க எனக்குக் கசக்காதா? அவளுக்கும்தான். பொண்ணு வந்ததும் நம்மளைத் தள்ளிட்டாளேன்னு தோணிடும். அப்புறம் யார் தருவா எனக்கு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் ஏதோ சொத்துக்காக வேவு பார்க்க வந்தவள் மாதிரி அம்மா பேசுகிறாள் என்று பட்டது. "எனக்கு இந்த வீடு வேண்டாம்மா. நீ யாருக்கு வேணா குடு. நான் எதுக்காகவும் வரலை. எனக்கு உங்கிட்ட ஒண்ணும் வேண்டாம்" என்றேன். தலை நிமிர்ந்துதான் சொன்னேன். இது அம்மாவுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அம்மாவின் விரல் பருப்பில் அப்படியே நின்றது.

"தெரியும். அதான் நீ அங்க இருக்கே" என்றாள். "உனக்கு வேண்டியது ஏதாவது எங்கிட்ட இருந்திருந்தா உன்னையும் பிடிச்சு வெச்சுண்டிருப்பேன். யாரையும் எதுக்கும் அண்டாதேன்னு நானே வளர்த்துட்டேன். பணம் அனுப்பறே, சரி. அது மணியார்டர்காரன் கொண்டுவந்து குடுக்கறான். அவன் கையைப் பிடிச்சுண்டு நான் படி இறங்க முடியுமா?"

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. சத்தம் வராமல்தான் அழுதேன்.

"அழறியா?"

"இல்லை."

"சரி" என்று அம்மா மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள். ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, "வேதா, இங்க கிட்ட வா" என்றாள். போய் உட்கார்ந்தேன். "வீடு வேண்டாம்னு எங்கிட்ட சொன்ன மாதிரி அவகிட்டப் போய் உளறிடாதே."

"ஏன்? சொன்னா அவளுக்கு நிம்மதியா இருக்கும்."

"அவளுக்கு நிம்மதி வந்தா எனக்குப் போயிடும். மாமிக்கு ஒரு பொண்ணு இருக்கா, பொல்லாதவ, எப்ப வேணா வந்து வீட்டைக் கேப்பாங்கற பயம் அவளுக்கு இருக்கணும். அப்பத்தான் என் வார்த்தையை அவ கெட்டியாப் பிடிச்சுப்பா. நீ வந்ததுலேர்ந்து உர்ருனு மூஞ்சியை வெச்சுண்டு அவ பின்னாலயே சுத்தறியே, எனக்குக் கண்ணு தெரியலேன்னாலும் அது தெரியறது. சாத்தமுதுல உப்பு தினம் சரியா இருக்கு. தளிகை நேரத்துக்கு ஆறது. அப்படியே இரு. போற வரைக்கும் அவளை நம்பாதே. எனக்காக அதைப் பண்ணு."

எனக்கு நினைவு தெரிந்து அம்மா என்னிடம் எனக்காக இதைப் பண்ணு என்று சொன்னது அதுதான். அதற்கு முன்னால் சொன்னதில்லை. பின்னாலும் சொல்லவில்லை.

7

மிச்சம் இருந்த நாட்களில் நான் அதைச் செய்தேன். ஆனால் அன்றைக்கே என் சந்தேகமெல்லாம் வடிந்துவிட்டிருந்தது. கோமளத்தைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்தது. அவள் என் அம்மாவை நம்பிக்கொண்டிருந்தாள், ஒரு வாய்வார்த்தையை. என் அம்மா அவளை நம்பவில்லை, அவள் ஆசையை நம்பினாள். இதில் யார் யாரை அண்டிப் பிழைக்கிறார்கள் என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றியது. ஒரு நாள் மத்தியானம் அம்மா தூங்கும்போது கோமளம் பனைவிசிறியால் வீசிக்கொண்டே தானும் கண்ணயர்ந்துவிட்டாள். கை மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அவளை எழுப்பி, கவலைப்படாதே, நான் எதையும் கேட்க வரமாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. விசிறி அடிக்கிற கை முக்கியம்.

புறப்படும் நாள் வந்தது. வாசலில் குதிரைவண்டி நின்றது. ஜங்ஷனுக்குப் போக நேரமாகிவிட்டது. பெட்டிகளைச் சௌரி ஏற்றினான். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கோமளம். அம்மாவின் காலில் விழுந்து சேவித்தேன். அம்மா என் தலையைத் தடவினாள். கை என் முகத்துக்கு வந்து, கன்னம் ஈரமாக இருப்பதைக் கண்டுபிடித்து, அதைத் துடைத்துவிட்டு, லேசாக ஒரு தட்டுத் தட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது.

எழுந்து நின்று வீட்டை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தேன். உத்தரத்தைப் பார்த்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரி பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

"அடுத்த தடவை வரச்சே பின்கட்டை இடிச்சுக் கட்டணும்மா. நாங்க வந்து இருக்கறதுக்குச் சௌகரியமா இருக்கட்டும்" என்றேன். கோமளத்தின் காதில் நன்றாக விழும்படிதான் சொன்னேன்.

"அதுக்கென்ன, உன் வீடு. உன் இஷ்டம்" என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

கோமளம் என்னைப் பார்க்கவில்லை. நிலையைப் பிடித்திருந்த அம்மாவின் கையை மெல்ல எடுத்துத் தன் தோளில் வைத்தாள். அது நழுவாமல் இருக்க மேலே தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.